ஆப்பிரிக்கச் செடிக்குப் பசை எடுத்த கதை

எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது என்று டாக்டர் சொல்லவில்லை. வரப்பார்க்கிறது என்றுதான் சொன்னார். வந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். வாசலில் வந்து நிற்கிறது, உள்ளே வரலாமா என்று யோசிக்கிறது என்றால் மனுஷன் எப்படித் தூங்குவது?

டாக்டர் சின்னப் பெண். எங்கள் தெரு முனையில்தான் கிளினிக். "பார்டர்ல இருக்குதுங்க. சோத்தக் கொறைங்க. காலைல நடங்க. பொங்கல் முடிஞ்சி இன்னொரு டெஸ்ட் எடுத்துப் பாக்கலாம். அப்பவும் ஏறியிருந்தா மாத்திரை ஆரம்பிச்சிடலாம்" என்றார், ஏதோ சீட்டுக் கட்ட ஆரம்பிக்கலாம் என்பதுபோல.

மாத்திரை என்றதும் எனக்கு ஒரு டப்பாதான் ஞாபகம் வந்தது. எங்கள் சாயப்பட்டறையில் என்னோடு வேலை செய்கிற அண்ணன் ஒருவர், ஒரே ஒரு மாத்திரையில்தான் ஆரம்பித்தார். இன்று அவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. காலைக்கு ஓர் அறை, மத்தியானத்துக்கு ஓர் அறை, ராத்திரிக்கு ஓர் அறை. மாத்திரை தனியாக வராது, குடும்பத்தோடு வந்து தங்கிவிடும் என்பது அவரைப் பார்த்து நான் தெரிந்துகொண்டது. பொங்கலுக்குள் எப்படியாவது சர்க்கரையை வாசலோடு திருப்பி அனுப்பிவிட வேண்டும். அந்தச் சமயம் எனக்கு வேறு யோசனையே இல்லை.

என் மனைவியின் தம்பி மலேசியாவில் வேலை செய்கிறான். அவனிடம் போனில் புலம்பினேன். அவன் உடனே வீடியோவைத் திருப்பி, பக்கத்து வீட்டு வேலியோரம் நின்ற ஒரு புதரைக் காட்டினான்.

"இதாம் மாமா. ஆப்பிரிக்கா செடி. இங்க நம்ம தமிழாளுங்க வூட்ல எல்லாம் வெச்சிக்கினு இருக்காங்க. காலைல மூணு இலை மென்னா சுகர் ஓடிடும்."

"எங்க ஓடும்?"

"எங்கனா ஓடட்டும் மாமா. உங்களுக்கு இன்னா."

அதே செடி தாமல் பக்கம், பெங்களூர் ரோட்டோரத்து நர்சரியில் கிடைப்பதாகப் பட்டறையில் ஒருவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மனைவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். நர்சரிக்காரர் பையோடு ஒரு கன்றை எடுத்துக் கொடுத்தார். பார்த்தால் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆப்பிரிக்கா என்றதும் இலையெல்லாம் யானைக்காது அளவுக்கு இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"இது வெச்சா பாம்பு வருமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு வரும்?"

"இல்ல, அந்த ஊர்ச் செடியாச்சே. அந்த வாசனைக்கு."

"ஆப்பிரிக்கால இருந்து பாம்பு பஸ் ஏறி வரணும்பா. காஞ்சிபுரத்துக்கு நேர் பஸ் இல்ல."

"வேர் செப்டிக் டேங்க்க உடைக்குமா?"

அவர் என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தார். "இவரு எப்பவுமே இப்பிடித்தானாம்மா?"

"கல்யாணத்தன்னிக்குத் தாலி கட்டச் சொல்ல, முடிச்சு இறுக்கமா போட்டா கழுத்து வலிக்குமான்னு ஐயரக் கேட்டவருங்க இவரு" என்றாள்.

கிணற்றடியில் நட்டேன், செப்டிக் டேங்கிலிருந்து முடிந்தவரை தள்ளி. அது ஆடி மாதம். ஐப்பசி மழை முடிவதற்குள் என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. ஒடிந்த கிளையைச் சும்மா மண்ணில் சொருகினால்கூட அது தழைத்தது. எனக்கு அதுவும் கவலை. இப்படியே போனால் ஒரு நாள் காலையில் கதவைத் திறக்க முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொள்வோமோ என்று, படுக்கப் போகுமுன் அது கதவுக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

முதல் இலையை ஒரு வெள்ளிக்கிழமை காலை மென்றேன். வேப்பங்கொழுந்தைச் சின்ன வயதிலிருந்து தின்றவன் நான். வேம்பு வாய்க்குள் வரும், கசக்கும், போய்விடும். இது வந்து உட்கார்ந்துகொண்டது. பல் துலக்கினேன், பேஸ்ட் கசந்தது. காபி குடித்தேன், காபி கசந்தது. கோயிலில் தீர்த்தம் வாங்கிக் குடித்தேன், அதுவும் கசந்தது. பட்டாச்சாரியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, தீர்த்தத்துல எதாவது இருக்கா?" என்று கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். சாமி காரியத்தில் முகம் சுளித்துவிட்டோமே என்று அன்றைக்கு முழுக்க அது ஒரு கவலை.

இரண்டாவது இலையைப் பாதியில் துப்பிவிட்டேன். மூன்றாவதை வாயருகே கொண்டுபோகும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது.

மச்சானைக் கூப்பிட்டுச் சொன்னேன். "மருந்துன்னா கசக்கத்தாம் மாமா செய்யும்" என்றான். அவன் தின்றிருக்கிறானா என்று கேட்டேன். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டான்.

அப்போதுதான் என் மனைவி அந்த வார்த்தையைச் சொன்னாள். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள். "ஊர்ப் பட்டுக்கெல்லாம் பசை எடுக்கறீங்க. ஒரு இலைக்குக் கசப்பு எடுக்கத் தெரியல."

எனக்குச் சுரீரென்றது. நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சாயப்பட்டறைக்கு வந்தவன். சாயம் போடுவதற்கு முந்தின வேலை என்னுடையது. பதப்படுத்தாத பச்சைப் பட்டு நூல் கைக்கு வரும்போது வைக்கோல் மாதிரி விறைப்பாக இருக்கும். பூச்சி பூசிவிட்டுப் போன பசை அது. நூலைச் சுற்றிக் கட்டிய கழிகளைக் கம்பில் மாட்டி, சோப்பும் சோடாவும் கரைத்த வெந்நீரில் முக்கி, திருப்பித் திருப்பி விட்டால் பசை கரைந்து நூல் பூப்போல ஆகிவிடும். பிறகு அலசி, முறுக்கிப் பிழிய வேண்டும். இத்தனை வருஷமாக வேறு எதையும் நான் செய்ததில்லை. இலை மட்டும் என்ன, பட்டுப்பூச்சி தின்கிற சாமான்தானே?

அடுத்த ஞாயிறு ஒரு முறம் நிறைய இலை பறித்தேன். காம்புகளைச் சணல் கயிற்றில் கோத்துக் கழி கழியாகக் கட்டினேன். கழிகளை ஒரு மூங்கில் கம்பில் மாட்டினேன். அண்டாவில் வெந்நீர் தயார்.

மனைவி சமையலறையிலிருந்தே, "சோப்பு மட்டும் போட்டீங்கன்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்" என்றாள்.

உப்பும் துளி ஆப்பசோடாவும் போட்டேன். இலைக் கழிகளை முக்கித் திருப்பினேன். நுரை வந்தது பாருங்கள். பட்டு கெட்டது, அப்படி ஒரு பச்சை நுரை. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் கசக்கினேன். மறுபடி நுரை. நுரை நிற்கிறவரைக்கும் விடவில்லை. கடைசியாகக் கிணற்றுத் தூணில் ஒரு முனையை மாட்டி, மறுமுனையில் கம்பைச் செருகி முறுக்கிப் பிழிந்தேன். பட்டறையில் முதலாளி நின்று பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.

கொட்டிய தண்ணீர் தெருக் கால்வாயில் பச்சைப் பசேலென்று ஓடியிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார்.

"ஏம்பா, வூட்லயே சாயம் போட ஆரம்பிச்சிட்டியா? கால்வாய் பூரா கிளிப்பச்சையா ஓடுது. பொல்யூசன்காரன் வந்தா இன்னா பதில் சொல்லுவ?"

கையிலிருந்த கழியைத் தூக்கிக் காட்டினேன். "சாயம் இல்லக்கா, கீரை."

"கீரைய எதுக்குப்பா தூண்ல கட்டி முறுக்கற?"

சொல்லி விளங்கவைக்கிற விஷயமா அது? அதிகாரி வந்தால் சாட்சிக்கு ஆகும் என்று ஒரு கழியை அவர் கையில் கொடுத்து அனுப்பினேன்.

அன்று மத்தியானம் என் மனைவி அந்த இலையைப் பொடியாக நறுக்கி, பாசிப்பருப்பு போட்டு, தேங்காயும் மிளகும் சீரகமும் அரைத்துவிட்டுக் கூட்டு வைத்தாள். முதல் வாயை அவள் தின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டாவது வாய் தின்றாள்.

கசப்பு சுத்தமாக இல்லை. நாக்கின் ஓரத்தில், யாரோ அடுத்த தெருவில் கூப்பிடுகிற மாதிரி ஒரு சின்ன ஞாபகம், அவ்வளவுதான். நெய் விட்டுச் சோற்றில் பிசைந்தால் தொண்டையில் நிற்காமல் இறங்கியது. நான் இன்னொரு தரம் சோறு போடச் சொன்னேன். பிறகு இன்னொரு தரம்.

"சோத்தக் கொறைக்கச் சொன்னாங்களே" என்றாள் மனைவி.

"இது சோறு இல்ல. மருந்து. மருந்த வெறுமனே எப்பிடித் துன்றது?"

அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவளும் இன்னொரு தரம் போட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் வேறு கூட்டு கிடையாது. பட்டறைக்கும் தூக்குவாளியில் எடுத்துப்போனேன். மூன்று வேளைக்கும் மருந்து போவதால் நடப்பதை விட்டுவிட்டேன். நடந்தால் நாய் துரத்துமோ என்கிற கவலையும் கூடவே விட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கினேன். அக்கா அடிக்கடி மதில்மேல் கிண்ணத்தை நீட்டி, "அந்த முறுக்கின கீரை இருக்குதாப்பா?" என்று கேட்பார்.

மார்கழியில் செடி பூத்தது. கிளை நுனியெல்லாம் பொடிப்பொடியாக வெள்ளைப் பூங்கொத்து. வாசனை, யாரோ கிணற்றடியில் தேனைக் கொட்டிவிட்டுப் போனதுபோல இருந்தது. தேனீக்கள் வந்துவிட்டன. குளிக்கப் போகும்போது தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போவேன், குளிக்கும்போதும் எடுக்கமாட்டேன். மனைவி பூவைக் கிள்ளிச் சாமி படத்துக்கு வைத்தாள்.

"ஆப்பிரிக்கா பூவ சாமி ஏத்துக்குமா?" என்று எனக்குச் சந்தேகம்.

"பாஸ்போர்ட்டா கேக்கப்போறாரு" என்றாள்.

பொங்கல் வந்தது. சர்க்கரைப் பொங்கலைத் தைரியமாகத் தின்றேன். பின்னாலேயே ஒரு கிண்ணம் கூட்டும் தின்றேன், அதை விரட்டிக்கொண்டு போகட்டும் என்று.

டெஸ்ட் கொடுத்துவிட்டுக் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை பயமில்லை. டாக்டர் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"ஏறியிருக்குது. நல்லாவே ஏறியிருக்குது. இன்னா சாப்ட்டீங்க?"

"மருந்துதான் சாப்ட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஆப்பிரிக்கச் செடி, மலேசிய மச்சான், கழி கட்டியது, முக்கியது, முறுக்கியது, கூட்டு. முறுக்குவதைக் கையால் செய்தும் காட்டினேன். அந்தப் பெண் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"கூட்டு எவ்ளோ?"

"ரெண்டு கரண்டி."

"சோறு?"

"கூட்டுக்கு ஏத்த மாதிரி."

என் மனைவி குறுக்கே வந்தாள். "மூணு தட்டு சோறும்மா. நாலாவது நான் போடமாட்டேன்னுட்டேன்."

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "ஐயா, அந்த இலை சுகரக் கொறைக்குமான்னு எனக்கு உறுதியா தெரியாது. நீங்க அலசின அலசல்ல அதுல இன்னா மிச்சம் இருக்குதுன்னும் தெரியாது. ஆனா மூணு தட்டு சோறு ஏத்தும். அது தெரியும்."

"அப்ப கசக்கக் கசக்கத் தின்னிருந்தா?"

"கசப்பா இருந்தா நீங்க இவ்ளோ சோறு தின்னிருக்க மாட்டீங்க" என்று எழுத ஆரம்பித்தார். மாத்திரைச் சீட்டு. "அந்தக் கூட்ட வேணாங்கல. கீரைதானே. ஆனா கூட்ட சோறு மாதிரி போட்டுக்குங்க, சோத்த கூட்டு மாதிரி தொட்டுக்குங்க. மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க."

மறுநாள் காலை இட்லி முடிந்ததும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் உளுந்து அளவுக்குத்தான் இருந்தது. இவ்வளவு சின்னதாக வருவதே உள்ளே இடம் பிடிக்கத்தான் என்று தோன்றியது. மனைவி சொம்போடு எதிரில் நின்றாள்.

"வாயத் தொறங்க."

"இத ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாதுன்றாங்க."

"என்னையும்தான் ஆரம்பிச்சீங்க. நிறுத்தவா முடிஞ்சிது? வாயத் தொறங்க."

திறந்தேன். போட்டாள். தண்ணீர் ஊற்றினாள். விழுங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது நடக்கிறதா என்று காத்திருந்தேன். கை நடுங்குமா, தலை சுற்றுமா என்று ஒவ்வொன்றாக உள்ளுக்குள் தேடிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே ஒரு காய்கறி வண்டிக்காரர் முருங்கைக்காய் என்று கத்திக்கொண்டு போனார்.

"தொண்டைலயே நிக்கிற மாதிரி இருக்குது" என்றேன்.

அவள் போன் லைட்டை அடித்து என் வாய்க்குள் பார்த்தாள். நிதானமாக, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"எறங்கிடுச்சி. உள்ள ஒண்ணும் இல்ல" என்று லைட்டை அணைத்தாள். "மத்தியானத்துக்கு எனக்கு ஒரு தட்டு சோறு, உங்களுக்கு ஒரு தட்டு கூட்டு. போய் ரெண்டு முறம் இலை பறிச்சிக்கினு வாங்க. ஒரு முறம் பத்தாது."