எலும்பில் பட்ட கத்தி

ரெட்டியார்சத்திரம் சாலையில் பட்டறை வைத்திருந்தார் அவர். உடைந்த பழைய சவரக்கத்திகளைத் தேய்த்து, மரம் செதுக்கும் கத்திகளாக்கித் தருவார். கூர் பார்க்க மழித்து மழித்தே அவருடைய இடது முன்கையில் ஒரு முடி கிடையாது. எந்தக் கத்தியையும் முதலில் நகத்தால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்பார். விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாக வருமாம்.

நான் தேவாலயங்களுக்கு மரச்சிலை செதுக்குகிறவன். இறந்துபோன அப்பாவின் சவரக்கத்தியை அவரிடம் கொண்டுபோனேன். கூர்விளிம்பின் நடுவில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. சுண்டிக் கேட்டவர், அந்த இடத்தை வெகுநேரம் விரலால் தடவினார்.

“எப்பிடி உடைஞ்சது அப்பு?”

“துவைக்கிற கல்லுல விழுந்துருச்சுன்னு அம்மா சொல்லும்.”

“கல்லுல விழுந்தா நுனிதான் போகும். இது எலும்புல பட்டது.”

கத்தி விழுந்த அதே வாரம்தான் சித்தப்பா கேரளாவுக்குப் போனதாக வீட்டில் சொல்வார்கள். அவர் திரும்பி வரவேயில்லை.

“தேய்ச்சுட்டா அடையாளமே இருக்காது. தேய்க்கவா?” என்றார், என்னைப் பார்க்காமலே.

தலையாட்டினேன். இதே கேள்வியை இன்னும் எத்தனை பேரிடம் கேட்டிருப்பாரோ.

சிலைகளின் முகத்தையும் விரல்களையும் இப்போது அந்தக் கத்தியால்தான் செதுக்குகிறேன். கழுத்துக்கு வரும்போது மட்டும் வேறு கத்தியை எடுத்துக்கொள்கிறேன்.