பூசை போட்ட தூணை வெட்டக் கூடாதாம்: கொட்டச்சேட்டில் ஒரு சண்டை

ஏற்காட்டுக்கு நான் போனது படகு ஓட்ட அல்ல. ஈரோட்டில் கட்டட வரைபடம் போடுவது என் வேலை. கொட்டச்சேட்டில் ஒரு எஸ்டேட்டுக்கு இரண்டு மாடி இரும்புக் கட்டடம் வரைந்து கொடுத்திருந்தேன். கீழே தொழிலாளர்களின் கைக்குழந்தைகளுக்குக் காப்பகம், மேலே காப்பி மூட்டைக் கிடங்கு. "வெள்ளிக்கெழம மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடறமுங்க, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்று எஸ்டேட்டின் கணக்கர், அங்கே சொல்வது போல ரைட்டர், கூப்பிட்டதால் ஆவணியில் ஒரு வியாழக்கிழமை கிளம்பினேன்.

சேலத்தில் காலை 6.30 பஸ். அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள், வயிறு காலியாக இருப்பது நல்லது. 7.50க்கு ஏற்காடு. இரண்டு இட்லி, ஒரு காப்பி, ஐம்பது ரூபாய். அங்கிருந்து ஆட்டோ நானூறு ரூபாய், அரை மணி நேரம். வழியெல்லாம் மிளகுக்கொடியும் பனியும். அதுவரைக்கும் நல்ல மனநிலையில்தான் இருந்தேன்.

கட்டடத்தைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. தூண்கள் எல்லாம் உள்ளே கூடான சதுர பைப். பீம்களை, அதாவது குறுக்கு உத்திரங்களை, அவற்றின் பக்கச் சுவரில் அப்படியே வைத்து வெல்டிங் அடித்திருக்கிறார்கள்! நான் வரைந்தது அதுவா? பீம் சேரும் இடத்தில் தூணை வெட்டி, பீமின் மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் ஒவ்வொரு இரும்புப் பிளேட்டைக் குறுக்கே வைத்து, மறுபடி ஒட்ட வேண்டும். பூமி ஆடினால் பீம் தூணை இழுக்கும், தள்ளும். உள்ளே பிளேட் இல்லாவிட்டால் பைப்பின் சுவர் உப்பி அமுங்கி, வெல்டிங்கோடு கிழிந்து வந்துவிடும்.

வெல்டர் முருகேசனிடம் கேட்டேன்.

"ஏனுங்க மேடம், அது பூசை போட்ட தூணுங்க. மஞ்சத்துணி கட்டித் தேங்கா ஒடச்சாச்சு. அதுக்கப்பறம் வெட்டுனா ஊட்டுக்கு ஆவாதுங்க."

"சரி, மேல்மாடியில் இடுப்பு உயரத்தில் ஒரு ஒட்டு தெரியுதே, அது என்ன?"

"அது அடிவாரத்துல வெட்டுனதுங்க. பன்னண்டு மீட்டரு பைப்ப வெச்சுக்கிட்டு லாரி வளைவுல திரும்பாதுங்களே. அப்பப் பூசை போடலீங்க."

அடப்பாவிகளா! லாரி திரும்பத் தூணை வெட்டலாம், குழந்தைகள் மேல் கூரை விழாமல் இருக்க வெட்டக் கூடாதா? கத்தியே விட்டேன். "இத்தன வருசமா மலை ஆடலீங்களே, நொம்ப பயப்படறீங்க" என்றார் ரைட்டர். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?

காப்பி பறிக்கும் செல்வி, இடுப்பில் எட்டு மாதக் குழந்தையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒண்ணும் புரியலீங்க மேடம்" என்றாள். அங்கே கிடந்த காலி பால் பவுடர் டப்பாவை எடுத்து, மூடியில்லாமல் விளிம்பருகே அமுக்கச் சொன்னேன். உள்ளே போனது. மூடியைப் போட்டு அமுக்கச் சொன்னேன். அசையவில்லை. "அந்த மூடிதான் பிளேட். இவங்க மூடி போடல."

செல்வி டப்பாவைக் கீழே வைத்தாள். "உங்க புள்ளயா இருந்தா இதுக்குள்ள படுக்க வெப்பீங்களா?"

"மாட்டேன்" என்றேன்.

கையெழுத்துப் போடவில்லை; மறுநாள் கான்கிரீட் நின்றது. ஆனால் கோபத்தில் பாதி என் மேலும்தான். பூசை எப்போது போடுவார்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்டேனா? பைப் தரையில் கிடக்கும்போதே வெட்டி முடித்திருக்கலாம். அங்கேயே ஒரு சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து வேறு வழி வரைந்தேன். தூணை வெட்டாமல், வெளியே நாலு பக்கமும் கைக்குக் காப்பு போட்ட மாதிரி பிளேட், அதில் பீம்.

"பீமுக்குப் பூசை போட்டீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"அப்ப பிளேட் உள்ளே போற அளவுக்கு அதை வெட்டுங்க."

முருகேசன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுமைக் கணக்கையெல்லாம் திருப்பிப் போட்டு, பிளேட்டின் கனத்தை முடிவு செய்து அனுப்ப நான்கு நாள் ஆயிற்று.

போகிறவர்களுக்கு: காலையில் ஏறுங்கள், ஸ்வெட்டர் கொண்டு போங்கள், ஆட்டோவைத் திரும்பவும் வரச் சொல்லிவிடுங்கள். மாலை நான்குக்கு மேல் பனி இறங்கினால் வண்டி கிடைப்பது கஷ்டம். மலையில் கட்டடம் கட்டுகிறவர்களுக்கு: வரைபடத்தோடு பூசை தேதியையும் கேட்டு வாங்குங்கள்.

மூன்று வாரம் கழித்து அதே 6.30 பஸ்ஸில் மறுபடி போனேன். ஒவ்வொரு தூணிலும் பிளேட், அதிலும் குங்குமம். வெல்டிங்கை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். செல்வி குழந்தையோடு வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

"மேடம், மூடி போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சு."

"நீங்க உள்ள போய் நில்லுங்க, நா வரேன்" என்றாள். போய் நின்றேன்.