மூன்று நாள் வேலை, நான்கு நாள் பென்ஷன்

திங்கட்கிழமை, பிற்பகல் ஒன்று ஐந்து. வீட்டை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் பட்டது, கம்பிக் கதவில் தொங்கிய என் ரோஜா மாலை. சனிக்கிழமை போட்டது. பாதி உதிர்ந்திருந்தது.

எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் ஓய்வு பெறுபவரைப் பஸ்ஸில் அனுப்ப மாட்டார்கள். மாலை, சால்வையோடு காரில் ஏற்றி, கூட வேலை பார்த்தவர்கள் வீடு வரை வந்து விட்டுவிட்டுப் போவார்கள். என்னையும் அப்படித்தான் சேலத்திலிருந்து ராசிபுரம் கொண்டுவந்து இறக்கினார்கள். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. எல்லோருக்கும் கேசரி கொடுத்தோம். நான் கண் கலங்கிப் பேசினேன். சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்ததை மட்டும் அந்தப் பேச்சில் சேர்க்கவில்லை. பென்ஷன் வாங்கிக்கொண்டே, திங்கள், புதன், வெள்ளி மட்டும், ஓராண்டு ஒப்பந்தத்தில் அதே மேசைக்கு வரலாம் என்றது அது.

எதிர்வீட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர் என் தோள்பையைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, முந்தாநேத்துத்தானே மாலை போட்டுக் கொண்டாந்து உட்டாங்க? மறுபடி எங்கீங்க கெளம்பிட்டீங்க?"

"வேலைக்குத்தாங்க. வாரத்துக்கு மூணு நாள்."

"அப்ப வருசா வருசம் ரிடையர் ஆவீங்களாட்ட இருக்குது. ஆவுங்க, ஆவுங்க. கேசரி நல்லா இருந்துச்சு."

நான் இல்லாவிட்டால் நாமக்கல் முட்டை விலை தப்பாக அச்சாகிவிடும் என்று உண்மையிலேயே நம்பியவன் நான். இருபத்தாறு ஆண்டுகள் தினமும் அந்த விலையைப் போனில் கேட்டு வாங்கிப் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறேன். வேலையில்லாத நாட்களிலும் அலுவலகத்துக்குப் போன் செய்து, "முட்டை என்ன ஆச்சு?" என்று விசாரித்தேன். சில மாதங்களில் அந்தப் போனை எடுக்க ஆளில்லாமல் போயிற்று.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, வெள்ளி என்று நினைத்து அலுவலகம் போய்விட்டேன். நாளிதழிலேயே ஆயுளைக் கழித்தவனுக்குக் கிழமை தெரியவில்லை. வாசல் காவலர் எழுந்து நின்றார்.

"இன்னிக்கு லிஸ்ட்டுல உங்க பேரு இல்லீங்களே ஐயா. விசிட்டர் நோட்டுல எழுதிட்டுப் போங்க."

எழுதினேன். 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் 'முட்டை விலை' என்று போட்டேன். அவர் படித்துவிட்டு, மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தார்.

என் நாற்காலியில், ஞாயிறு போக மற்ற மூன்று நாட்களும் வேலை பார்க்கும் துணை ஆசிரியை இருந்தார். ஆறு ஆண்டுகளாகத் தற்காலிகம். அன்றைய முட்டை விலைக் கட்டத்தை முடித்துவைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். தவறு தேடினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்றும் கிடைக்கவில்லை.

"உக்காருங்க சார்."

"வேண்டாம்மா. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்." ராசிபுரத்திலிருந்து சும்மா வருவதற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்பது அவருக்கும் தெரியும்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க சார். மார்ச்சோட உங்க ஒப்பந்தம் முடியுதுங்களா?"

"ஆமா."

"நீங்க நிறுத்திக்கிட்டா இந்த எடத்துல என்னையப் பெர்மனென்ட் பண்றேன்னு மேனேஜர் சொல்லியிருக்காருங்க. இல்லீன்னா நான் வேற வேலைதான் தேடோணும். எங்க ஊட்டுக்காரருக்குத் தறி வேலை சரியில்லீங்க சார். மூணு நாள் சம்பளத்துல ஓட்ட முடியல."

"யோசிக்கிறேம்மா" என்றேன்.

பஸ்ஸில் யோசிக்கவும் செய்தேன். என் பென்ஷன் சிறியது. ஆனால் வீடு சொந்தம், மகள் ஓசூரில் வேலையில் இருக்கிறாள், சர்க்கரை மாத்திரை தவிர எனக்குச் செலவு கிடையாது. நான் தொடர்வதற்கு நியாயமான காரணம் ஒன்றைத் தேடிக்கொண்டே வந்தேன். ராசிபுரம் வரும்வரை 'அனுபவம்' என்ற ஒரு சொல்தான் அகப்பட்டது. வேறொருவர் எழுதிக் கொடுத்திருந்தால் ஆதாரம் இல்லை என்று அதை வெட்டியிருப்பேன்.

மார்ச் இரண்டாவது வெள்ளிக்கிழமை, ஒப்பந்த நீட்டிப்புக் கடிதம் மேசைக்கு வந்தது. இன்னும் ஓராண்டுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.