ரோஸ்வெலின் என்ற மெட்டு

எங்கள் ஊரில் கடவுளுக்குப் பயப்படுவோம், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரோஸ்வெலின்காரர்களை வெறுப்போம். இரண்டையும் ஒழுங்காகச் செய்வோம். காரணம் பெரியதுதான். ஒரு பாட்டுப் போட்டியில் எங்களை அரை மதிப்பெண்ணில் தோற்கடித்தார்கள். அன்று ஜெயித்தவர்களில் பாதிப் பேர் இப்போது கல்லறையில். அதற்காக மன்னித்துவிட முடியுமா?

இப்படிப்பட்ட ஊருக்குப் போதகராக வந்து சேர்ந்தார் இத்தெல் பிரிட்சர்ட். ஸ்லேட் கல் உடைப்பவரின் மகன். பிரசங்கத்தை நாற்பதே நிமிடத்தில் முடித்துவிடுவார், அதையும் குறையாகச் சொன்னோம். ஆனால் ஞானப்பாட்டுக்கு மெட்டுப் போடுவதில் மனிதர் கெட்டிக்காரர். எங்கள் பக்கம் மெட்டுக்கு ஊர்ப்பெயர் வைப்பது வழக்கம். தன் மெட்டுகளிலேயே அருமையானதற்கு இவர் வைத்த பெயர் ரோஸ்வெலின். மனைவி மார்கெட் பிறந்த ஊராம். வேல்ஸில் வேறு ஊரே கிடைக்கவில்லை பாருங்கள்.

நாடே அதைப் பாடியது. எங்கள் ஆலயத்தில் மட்டும், ஐயா அந்தப் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வரும். முப்பது வருடம் இருமினோம்.

மார்கெட் இறந்தார். தன் அடக்கத்தில் அந்த மெட்டை எங்கள் ஊர் ஆட்கள் பாட வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினார். ஆலயத்தில் பாட்டை எடுத்துக்கொடுக்கும் மூப்பர் காடோக் பாரி, பெருந்தன்மையோடு ஐயா வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"பேரை மட்டும் மாத்திடுங்க ஐயா. அம்மா பேரையே வைங்க, பாடிடறோம்."

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து அவ உங்க ஊர்க்காரியாத்தானே இருந்தா, காடோக்? அவ ஊர்னு மிஞ்சினது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் பிடுங்கணுமா?"

"அப்ப எங்களால முடியாதுங்க."

கல்லறையில், அடக்கத்துக்கு வந்திருந்த ரோஸ்வெலின்காரர்களே பாட ஆரம்பித்தார்கள். சுருதியை உயரத்தில் எடுத்துவிட்டார்கள். இரண்டாம் அடியிலேயே குரல் கிழிந்தது. நாங்கள் உள்ளுக்குள் குதூகலமாக நின்றோம். ஐயா குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காடோக்கின் முகம் பல்வலி வந்தது போலக் கோணியது. "நிறுத்துங்கய்யா!" என்று கத்திவிட்டு, சுருதியை இறக்கி அவரே எடுத்துக்கொடுத்தார். முப்பது வருடம் பாடாத மெட்டை நாலு குரலாகப் பிரிந்து பிசகாமல் பாடினோம். கல்குவாரி வேலையில் ஒவ்வொருவனும் தனியாக முணுமுணுத்தது அன்றுதான் அம்பலமாயிற்று. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. கடைசி அடியை ஐந்து முறை திருப்பிப் பாடினோம்.

ஐயா காடோக்கின் கையைப் பிடித்தார். "எப்பய்யா கத்துக்கிட்டீங்க?"

"தப்பாப் பாடினா கேட்டுக்கிட்டு நிக்க முடியுமா?" என்று காடோக் மூக்கைச் சிந்தினார்.

அடுத்த ஞாயிறு ஐயாவுக்குப் பதில் பாட்டை அறிவிக்க எழுந்த காடோக், மெட்டின் பெயரையும் சொல்லியாக வேண்டும். கனைத்தார். யாரும் இருமவில்லை.

"மெட்டு," என்றார் காடோக், "நம்ம அம்மாவோட ஊரு."