நீல வண்டிக்காரர்கள்

மர்டினா கில்லிஸ் யாரையும் சட்டென்று நம்பிவிடும் ஆள் இல்லை. போன வசந்தத்தில் மேய்ச்சலிலிருந்து இரண்டு செம்மறி ஆடுகள் காணாமல் போனபின், கடற்கரைச் சாலையில் மெதுவாகப் போகும் எந்த வண்டியும் அவளுக்குத் திருடன் வண்டிதான்.

"ரேடியோல மழைன்னு சொல்றவனையும் நீ நம்பமாட்ட" என்று சீண்டுவார் பக்கத்துப் பண்ணை டோர்க்கில்.

"அவன் என்னைக்கு உண்மையச் சொன்னான்?" என்பாள்.

ஏப்ரல், ஆடுகள் குட்டி போடும் நேரம். அப்போது பார்த்து ஒரு நீல வண்டி வந்தது. ஒற்றைத் தடச் சாலையில் எதிர்வண்டிக்கு ஒதுங்கவென்று விட்ட இடத்தில் அதை நிறுத்திவிட்டு, ஒரு கிழவரும் மனைவியும் தேநீர் குடித்தபடி அவளுடைய ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளும் அதே இடம்.

"ஊர் சுத்த வந்தவங்களுக்குக் கடல் அந்தப் பக்கம்ல இருக்கு!" என்று டோர்க்கிலிடம் பொருமினாள்.

மூன்றாம் நாள் காலை கிழவர் சுவரேறிக் குதித்து மேய்ச்சலுக்குள்ளேயே நின்றார். இரண்டு கையாலும் அவளுடைய பெரிய ஆட்டின் ரோமத்தைப் பிடித்திருந்தார்.

"யோவ்! கைய எடுய்யா!"

"அம்மா, இப்ப விட்டா..."

"விடுன்னா விடு! போலீஸக் கூப்பிடவா?" சாலைப் பக்கம் திரும்பினாள். "அவன் திருட, நீ வண்டியில காவலா?" வண்டிக்குள் இருந்த மனைவியின் முகம் வெளுத்துவிட்டது.

கிழவர் விட்டார். ஆடு இரண்டடி வைத்து மல்லாந்து விழுந்தது. நாலு காலும் வானத்தைப் பார்த்தன. முதுகு முழுக்கச் சேறு அப்பியிருந்ததை மர்டினா அப்போதுதான் கவனித்தாள்.

சினை ஆடு மல்லாந்தால் தானாக எழாது, வயிறு உப்பிச் செத்துப்போகும். தூக்கிவிட்டாலும் காலில் உணர்வு திரும்பும்வரை தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்த ஊரில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஆளைப் பார்த்தவள் ஆட்டைப் பார்க்கவில்லை. அவமானத்தில் காது சுட்டது.

இழுத்துப் பார்த்தாள். இரட்டைக் குட்டிக் கனம், தனியாக முடியவில்லை.

"ஐயா... இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க."

மேய்ச்சலின் கதவுவரை போயிருந்தவர் திரும்பி வந்தார். கால்மணி நேரம் இருவரும் முழங்காலால் ஆட்டை அணைத்து நின்றார்கள். ஒருவழியாக அது ஏப்பம் விட்டுப் புல்லைத் தேடிப் போனது.

"முப்பது வருஷம் ஆடு மேய்ச்சவன்மா நான். சுத்திப் பாக்கக் கிளம்பினாலும் கண்ணு அங்கதான் போகுது."

மர்டினா வண்டிக்கு ஓடினாள். "உள்ள வாங்கம்மா, டீ போடறேன். கேக் இருக்கு."

உள்ளே இருந்த அம்மாள் அவளைப் பார்த்தபடியே கதவின் பூட்டை அழுத்தினாள். கண்ணாடி இறங்கவே இல்லை.