மில்டன் வெட்டாத காட்சி

எவளோடோ ஓடிவிட்டான் என்று எதிர்வீட்டு கிளாடிஸ் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மில்டன் ஆவர்பாக் இந்தத் தெருவை விட்டுப் போனபோது காரில் அவனைத் தவிர யாரும் இல்லை. நான் பார்த்தேன்.

"படம் எடுக்கிறவன்ல எவன் யோக்கியன்?" என்கிறாள். அவள் சமையலறையில் மூன்று கொலைகளைப் படம்பிடித்தவன் அவன். ஒவ்வொரு தடவையும் மண்டியிட்டுத் தரையைத் துடைத்துக்கொடுத்துவிட்டுத்தான் போனான். அதை மட்டும் மறந்துவிட்டாள்.

ஒமாஹாவில் தியேட்டர் பெருக்கிக்கொண்டிருந்தவன், ஹாலிவுட்டை ஒட்டிய இந்த பர்பாங்குக்கு வந்து தயாரிப்பாளரானான். பெரிய ஸ்டுடியோக்காரர்கள் கதாநாயகியைத் தேடி முடிப்பதற்குள் இவன் படத்தையே முடித்திருப்பான். என் குளியல்தொட்டிதான் அவனுக்குக் கடல். தெருக்காரர்கள்தான் போலீஸ், ஊர் ஜனம், பிணம். "அக்கா, பொணம் மூக்கைச் சொறியக் கூடாது" என்று என்னைக் கெஞ்சுவான்.

வெளியிடுவதற்கு முன் ஏதாவதொரு தியேட்டரில் படத்தைப் போட்டுக் காட்டுவான். திரைக்கு முதுகைக் காட்டி நின்று ஜனங்களின் முகத்தையே பார்ப்பான். "படத்தைப் பார்த்தா எனக்கு எல்லாமே நல்லாத்தான்க்கா தெரியும். மூஞ்சி பொய் சொல்லாது." கொட்டாவி வந்த இடத்தில் கத்தரி விழும்.

அவனுக்கு அடுத்த வீட்டு ஆர்வில், ரயில்வேயில் இருந்தவர். மகனைப் போரில் பறிகொடுத்தவர். கடைசிப் படத்தில் அவரைக் கல்லறை முன் அழும் தகப்பனாக நிறுத்தினான். அவர் நடிக்கவில்லை. மூக்கு ஒழுக, வாய் கோண, நிஜமாகவே அழுதார். காமிராக்காரன்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

வழக்கம்போலப் போட்டுக் காட்டிய தியேட்டரில் அந்த அழுகையைப் பார்த்து ஜனம் சிரித்தது. மில்டனுக்கு முகம் காதுவரை சிவந்துவிட்டது. அந்தக் காட்சியை வெட்டிவிடுவான் என்றுதான் நினைத்தேன். படத்தை வாங்க வந்தவன் அவனை வாசலிலேயே மடக்கினான்.

"கிழவன் அழறான் பாரு, அதுதான்யா படம். பின்னாடி சர்க்கஸ் கோமாளி ஊதுற ஊதல் சத்தம் ஒண்ணு சேரு, எடுத்துக்கறேன். வெட்டினா வேற ஆளைப் பாத்துக்க."

மில்டன் சேர்த்தான். ஆமாம், சேர்த்தான். ஆர்விலிடம் ஒரு வார்த்தை சொல்லவும் அவனுக்கு வாய் வரவில்லை. நான் எதையும் மறைக்கவில்லை.

படம் வெளியான அன்று ஆர்வில் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். ஊதலும் சிரிப்பும் எழுந்தபோது தொப்பியை மடியில் பிடித்தபடி கடைசிவரை உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து, "வித்துடுச்சாமே தம்பி, சந்தோஷம்" என்றார். அவர் திட்டியிருந்தால் இவன் இங்கேயே இருந்திருப்பான்.

அதன்பிறகு மில்டன் படம் எடுக்கவில்லை. ஆர்வில் வீட்டு விளக்கு அணையும்வரை தன் வீட்டுக்கு வராமல் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு ஒருநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தான். ஆர்வில் புல்தரையைத் தாண்டி வந்தார். வேண்டாம், வேண்டாம் என்று அவன் சொல்லச் சொல்ல, பெட்டியை வாங்கிக் காரில் வைத்தார்.

மில்டன் கைகுலுக்கக் கையை நீட்டினான். பாதியிலேயே இழுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான்.