லுத்பியா சுற்றிய சுருள்

இது சத்தியமாக நடந்த கதை. பலீல் அழுத அழுகையில் வெள்ளவத்தைக் கடல் ஒரு முழம் உயர்ந்தது என்பது மட்டும் நான் கொஞ்சம் இழுத்துச் சொன்னது.

கொட்டாஞ்சேனையில் ரேடியோ திருத்தும் பலீல், கெம்பஸ் மாணவி துஷாந்தினிக்கு அவள் படிப்புப் பரிசோதனைக்காக ஒரு பலகை செய்து கொடுத்தார். ஒரே அளவான கம்பிச்சுருள்களும் கண்டென்சர்களும் வரிசையாகக் கோத்த பலகை. நடுச்சுருளை மட்டும் அவர் மனைவி லுத்பியா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து சுற்றினாள். கை நடுங்கியதில் சுற்று குறைந்துபோனது. அடுத்த கிழமை மௌத்தாகி, அடக்கமும் ஆனாள்.

துஷாந்தினி பலகைக்கு மின்சாரம் கொடுத்து அதிர்வை வேகமாக்கினாள். மற்றச் சுருள்கள் அடங்கிவிட, அந்த ஒன்றில் மட்டும் துடிப்புக் குவிந்து நின்றது.

"நானா, இது ஒண்டு வேற மாதிரி. அதுதான் துடிப்பு அங்கால போகாம இதிலயே நிக்குது. நாளைக்கே கெம்பஸில காட்டோணும், எனக்கு எல்லாம் ஒரே மாதிரி வேணும்."

"இது என்ட பொஞ்சாதி சுத்தினது, மகள்."

"அப்ப கழட்டி நீங்களே வெச்சிருங்கோ."

பலீல் கழற்றி உள்ளங்கையில் வைத்தார். "இப்பவும் துடிக்குதா?"

"இல்ல நானா. வரிசையில இருந்தாத்தான். தனிய எடுத்தா வெறும் கம்பி."

அவர் புதிய சுருள் சுற்ற உட்கார்ந்தார். கண்ணீர் கண்ணை மறைக்க, கம்பி அறுந்துகொண்டே இருந்தது.

நான் இவ்வளவும் சொல்லி முடிக்க, தேத்தண்ணிக் கடையில் கேட்டுக்கொண்டிருந்த சாந்தகுமார் மேசையில் குத்தினான். "அதைக் கழட்டியிருக்கவே கூடாது!"

"புள்ளட படிப்பு என்னாகிற?" என்றான் பக்கத்தில் இருந்து கேட்ட றிகாஸ்.

"உன்ர மனிசி செத்திருந்தா இப்பிடிக் கதைப்பியோ?"

"என்ட பொஞ்சாதிய ஏன்டா இழுக்கிற?"

றிகாஸ் உட்கார்ந்திருந்த கதிரை பறந்தது.